நீ குளத்தில் விட்ட ஆறு மீன்கள்

உக்கடம், கோயமுத்தூர்
12.7.1997

அன்பு மகன் சுஃப்யானுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் அம்மாவும் உன் தங்கை ரூபினாவும் சுகம், சிங்கப்பூரில் உன் உடம்பும் வேலையும் அப்படியே இருக்க துவா செய்கிறோம்.

மூன்று வருஷத்துக்கு முன் நீ கிளம்பின அன்று குளத்தில் விட்டுப்போன ஆறு மீன்கள் பெருகி மாசாணத்தின் வலைகளைக் கிழித்துவிட்டன. குளத்தைக் குத்தகை எடுத்திருக்கிற அந்த மாசாணம் போன மாதம் கிழிந்த வலையைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டு, "ஏனுங்க பாய், பதினஞ்சு வருசமா உங்க கடையிலதானுங்க நூல் வாங்கறேன், எனக்கே இத்துப்போனதைக் குடுத்துப்போட்டீங்களே" என்றான், கடை நிறைய ஆள் நிற்கும்போது. ஒவ்வொரு நூல்கண்டையும் இழுத்துப் பார்த்து விற்கிறவன் நான், அந்த வலை நூல் விற்றுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். நூல் அனுப்புகிற பம்பாய் கம்பெனிக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவர்கள் மேல் தப்பே இல்லை. மறுநாள் மாசாணத்தோடு பரிசலில் போனேன். வலையில் பாதிக்குமேல் கறுப்பு மீன், உடம்பெல்லாம் ஓடு, முள்ளை விரித்துக்கொண்டு நிற்கிறது, பிய்த்தெடுத்தால் கண்ணி அறுகிறது. வாங்கித் தின்ன ஆளில்லை. கெண்டை ஒரு கூடைகூடத் தேறவில்லை. கரையில் அந்த மீன் குடைந்த, கை நுழைகிற பொந்துகள், மழைக்கு மண் சரிகிறது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன நீ வாங்கி விட்ட அதே மீன். அன்று வாளியோடு போய்வந்து, பயணம் போகிற நேரத்தில் ஆறு உயிருக்கு விடுதலை கொடுத்தேன் என்றாய், அம்மா நெற்றியில் முத்தம் கொடுத்தாள், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது என் தப்பு. என்ன விடுதலை? வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்திருந்தால் ஆயிற்று. குளத்தில் முன்பே இருந்த மீனுக்கு யார் பதில் சொல்வது? வேறு யாரும் விட்டிருக்கலாமே என்று எழுதுவாய். இருக்கலாம், நான் பார்த்தது உன் வாளியைத்தான்.

போன கடிதத்தில் ஆமை வளர்ப்பதாக எழுதியிருந்தாய். அறை மாறும்போது அதை எந்தத் தண்ணீரிலும் விட்டுத் தொலைக்காதே. வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும்.

உன் அத்தா,
கலீல் ரஹ்மான்

பி.கு. மாசாணத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பேசி முடித்தது இது: கிழிந்த வலைகளுக்கு நூல் என் செலவு. நூலில் குறையில்லை என்று அவன் கடைக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பிடிபடும் கறுப்பு மீன் ஒன்றுகூடத் திரும்பத் தண்ணீருக்குள் போகாது. டிசம்பர் லீவில் நீ வந்ததும் பத்து நாள் அவன் பரிசலில் ஏறி அவற்றை வலையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். வெறும் கையால் என்று அவன் கேட்டான், ஒப்புக்கொண்டேன்.