எழுந்திருக்க மனசு வராத நாற்காலி

மார்ச் 4
அப்பாவை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. நடக்க வைப்பது இனி வீட்டார் பொறுப்பு என்றார் டாக்டர். வீட்டார் என்றால் நான் ஒருத்திதான். அம்மா போய்விட்டாள், அண்ணன் வேறு ஊரில்.

அண்ணன் போனில் சுற்றி வளைக்காமல் கேட்டான். "கடையைப் பார்ப்பியா, அவரைப் பார்ப்பியா? அடுத்த மாசக் கடைசியில வர்றேன். அதுக்குள்ள அவர் தனியா பாத்ரூம் போய்ட்டு வரலைன்னா, நல்ல முதியோர் இல்லமா பார்த்துச் சேர்த்துடலாம்."

அவன் கெட்டவன் இல்லை. நடைமுறை பேசுகிறான். ஆனால் அப்பாவிடம் யார் கேட்டார்கள்? இந்த வீட்டிலிருந்து அவரை அனுப்பமாட்டேன். முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 5
கடையிலிருந்து சாய்வு சோபாவை வண்டியில் ஏற்றி வந்து ஹாலில் ஜன்னலோரம் போட்டேன். பழைய மேசை நாற்காலி வாங்கி விற்கிறவள் நான். இந்த வருஷம் என் கைக்கு வந்த சரக்கில் இதுதான் ராஜா. உட்கார்ந்தால் ஆளை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அப்பா உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "கண்டக்டர் வேலையில ஆயுசு பூரா நின்னே பிழைச்சவன்டி நான். இப்பதான் உட்கார்றேன்."

மனசு நிறைந்துவிட்டது.

மார்ச் 11
தண்ணீர், மாத்திரை, கண்ணாடி, டிவி ரிமோட் எல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்தில். கூப்பிட ஒரு மணி. வாடிக்கையாளரை நின்ற இடத்திலிருந்து நகர விடாமல் சரக்கைக் கண்முன் கொண்டுவந்து காட்டுவதுதான் என் தொழில். வீட்டிலும் அதையே செய்கிறேன். கச்சிதம்.

மார்ச் 14
நடப்பதற்குக் கூப்பிட்டால் "நாளைக்கு" என்கிறார். நேற்றும் அதேதான். எழுப்பினால் முழு பாரத்தையும் என் தோளில் போடுகிறார். கால் முன்பைவிட மெலிந்திருக்கிறதே — எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

மார்ச் 18
பிசியோதெரபி செய்கிற பெண் இன்று வந்தாள். அப்பாவைப் பார்க்கும் முன்பே சோபாவைப் பார்த்தாள். கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இதை யார் வாங்கினது?"

"நான்தான். ஏன்?"

"இவ்வளவு தாழ்வா, இவ்வளவு மெத்துன்னு இருந்தா முட்டி இடுப்புக்கு மேல போயிடும். ஆபரேஷன் பண்ண இடுப்புக்கு ஆகாது. நல்லா இருக்கிறவங்களே இதுலேர்ந்து எழுந்திரிக்கத் திணறுவாங்க. ஐயா எப்படி எழுந்திரிப்பாரு?"

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இந்தச் சோபாவைக் காட்டி நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் — "உட்கார்ந்து பாருங்க, எழுந்திருக்கவே மனசு வராது." அடிப்பாவி. சொன்னதையே வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு, எழுந்திருக்க மாட்டேன் என்கிறாரே என்று அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20
சோபாவை விற்றுவிட்டேன். துணிக்கடை முதலாளி முன்பே கண் வைத்திருந்தார்.

"நான் உட்கார்ந்திருக்கும்போதே வித்துட்டியா?" என்றார் அப்பா.

"ஆளோட சேர்த்துத்தான் கேட்டாரு. உங்களை மட்டும் குடுக்கலை."

சிரிக்கவில்லை. ஆள்கள் தூக்கிக்கொண்டு போவதைப் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் இடத்தில் ஓர் ஆபீஸ் நாற்காலி. கெட்டியான மரம், நிமிர்ந்த முதுகு, இரண்டு பக்கமும் கை. அந்தப் பெண் சொன்ன உயரத்துக்குத் தச்சரிடம் சொல்லிக் கால்களைக் கூட்டி, ஆடாமல் செய்து வாங்கினேன். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. கடையில் தூசி படிந்து கிடந்தது.

மார்ச் 21
அப்பா நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. அதில் உட்காரவும் இல்லை.

மார்ச் 23
இன்றும் படுக்கைதான். சாப்பாட்டையும் படுக்கையிலேயே கேட்டார். கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்ய? ஒரு மனுசன் ஆயுசு பூரா நின்னுட்டு ஆசையா உட்கார்ந்தாரு, அதையும் பிடுங்கிட்டேனே. அண்ணன் சொன்னதுதான் சரியோ? எனக்குச் சரக்கைத் தெரியும், மனுசரைத் தெரியாதோ?

துணிக்கடைக்காரருக்குப் போன் போட்டேன், திருப்பித் தருவாரா என்று. அவர் மனைவி எடுத்தாள். "நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. உட்கார்ந்த மனுசன் கடைக்கே போகமாட்டேங்கிறாரு."

போனை வைத்துவிட்டேன். வேண்டாம். அது இந்த வீட்டுக்குள் திரும்ப வராது.

மார்ச் 26
மறைத்துப் பிரயோசனமில்லை என்று அண்ணன் சொன்னதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். இல்லம், அடுத்த மாசக் கடைசி, எல்லாம்.

படுக்கையில் சற்று நிமிர்ந்தார். "நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. பதில் உங்க கால்லதான் இருக்கு. இந்த நாற்காலி உட்கார்றதுக்கு நல்லா இருக்காதுப்பா. எழுந்திருக்கத்தான் நல்லா இருக்கும்."

"இப்படிப் பேசித்தான் ஊரை ஏமாத்துறியா?" என்றார். பிறகு, "பிடி, போய் உட்கார்ந்து பார்க்கலாம்."

மார்ச் 29
மணியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தண்ணீர் இனி சமையலறையில். ரிமோட் டிவிக்குப் பக்கத்தில். திட்டினார். திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரைப் பிடித்துப் போய் ரிமோட்டை எடுத்து வந்தார். நான் பின்னாலேயே போனேன், தொடாமல்.

ஏப்ரல் 8
நாற்காலியின் கைகளை ஊன்றி, முன்னால் சாய்ந்து, தானே எழுந்துவிட்டார். என் கை தானாக நீண்டது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.  

ஏப்ரல் 17
வாக்கர் போய்க் கைத்தடி. பிசியோதெரபிப் பெண், "ஐயா, மெதுவா" என்றாள். "வண்டி லேட்டும்மா" என்றார்.

ஏப்ரல் 26
அண்ணன் வந்தான். அப்பா எழப் போகும்போது கை கொடுக்க ஓடினான்.

"கையை எடுடா. ஓடுற பஸ்ல பிடிக்காம நின்னவன் நான்."

எழுந்தார். பாத்ரூம் போனார். தாழ்ப்பாள் போடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தும், வேண்டுமென்றே போட்டார். அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார். இல்லத்தின் பேச்சை அண்ணன் எடுக்கவே இல்லை.

ஏப்ரல் 28
வீட்டில் சும்மா இருக்க முடியாது, கடைக்கு வருவேன் என்கிறார். உட்கார்ந்து பேசி முடித்தோம். காலையில் தெருமுனையில் இருக்கும் என் கடை வரை நடந்து வருவது, நான் கூடவே. திரும்பும்போது வண்டி. கைத்தடி இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. மத்தியானம் வீட்டில் படுக்கை. கடையிலும் இதே போல உயரக் கால் வைத்த நாற்காலி ஒன்று, அது விற்பனைக்கு இல்லை. வருகிறவர்களிடம் அவர் விலை பேசக் கூடாது.

கடைசி நிபந்தனைக்கு மட்டும் தலையாட்டவில்லை. "முதல்ல போணி ஆகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார்.

சரி என்றேன்.