ஏழு தரம் கேட்ட சுகம்

அன்புள்ள அம்மாவுக்கு, மலர் எழுதுவது. முழங்கால் நோவு எப்படி?

ஹம்பேர்க்கில் ஒரே மூடுபனி. கப்பல்கள் வானத்தில் மிதப்பதுபோலத் தெரிகின்றன.

செனகல் மக்கள் வோலோஃப் மொழியில் மனம்போனபடி எழுதும் குறுஞ்செய்திகளை, மொழி மாதிரி என்ற கணினி நிரலைக் கொண்டு ஒரே எழுத்துமுறைக்கு மாற்றுவதுதான் இங்கே எங்கள் வேலை. திரும்பத் திரும்ப வரும் வரிகளை நீக்கும்படி அதற்குச் சொன்னது நான்தான். கூட வேலைசெய்யும் செனகல்காரி ஐசத்து, அப்படி மாறி வந்த தன் தாயின் செய்தியைப் பார்த்துச் சிரித்தாள்.

"கெட்டிக்காரிதான். அம்மா ஏழு தரம் சுகம் கேட்டதை வெட்டிப்போட்டு, ஆடு குட்டி போட்ட கதையை மட்டும் விட்டிருக்கிறியள்."

சிரித்தவளின் கண் கலங்கியிருந்தது. மூலப்பிரதி இருந்ததால் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

நீங்கள் சொல்வதைப் பக்கத்து வீட்டுப் பிறின்சி போனில் தட்டும்போது சுருக்க விடாதீர்கள்.

ரயில் வருகிறது. முழங்கால் எப்படி, அம்மா? நோவு எப்படி?

மலர்