பந்தல் போடும் இடத்தில் நான்கு முட்டை

கடலூர்,
15.4.2025

மரியாதைக்குரிய சம்பந்தி கொளஞ்சியம்மாள் அவர்களுக்கு அஞ்சலாட்சி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் எழிலனும் நலம். அங்கு நீங்களும் அண்ணனும் வினோதினியும் நலம்தானே?

நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது என்று பிள்ளைகள் இருவரும் சேர்ந்து நமக்குப் போனைத் தடை செய்துவிட்டார்கள். "கடுதாசி எழுதுங்க, போய்ச் சேர்றதுக்குள்ள கோவம் ஆறிடும்" என்கிறான் என் மகன். ஆகவே எழுதுகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று நான் செய்தது தப்புதான். தட்டு மாற்ற மாப்பிள்ளையின் அம்மாவைத் தேடினால், அவள் பட்டுப்புடவையோடு உங்கள் கொல்லையில் குப்புறப் படுத்துக் கிடக்கிறாள். நல்ல நேரம் முடிய நான்கு நிமிஷம்தான் இருந்ததாமே. எந்தப் பெண்வீட்டாருக்குத்தான் பொறுக்கும்? மன்னியுங்கள்.

ஏன் படுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவப் போனேன். கொல்லைக் கடைசியில் சரளை கொட்டிய இடத்தில் ஆள்காட்டிக் குருவி ஒன்று தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல், மஞ்சள் கால். என்னைக் கண்டதும் எழுந்து ஓடியது. கூடு என்று எதுவும் இல்லை. சின்னப் பள்ளத்தில் நான்கு முட்டை, கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்தபடி. என்னை மறந்துவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரி நாளெல்லாம் பார்ப்பது ஆதார் கார்டும் சாதிச் சான்றிதழும்தான். சித்திரை பிறந்தால் பூ, பூச்சி, பறவை என்று படம் எடுப்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே கிறுக்கு. கடையிலேயே பிரிண்ட் போட்டு ஒன்றை இதில் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். அந்த இடத்தில்தான் கல்யாணப் பந்தல் என்று அண்ணன் சொன்னார். முட்டை பொரிக்க நான்கு வாரத்துக்கு மேல் ஆகும். மே 11 முகூர்த்தத்துக்குள் முடியாது. பந்தலைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?

இப்படிக்கு,
அஞ்சலாட்சி


புவனகிரி,
18.4.2025

சம்பந்தி அம்மாவுக்குக் கொளஞ்சியம்மாள் எழுதிக்கொண்டது. எல்லாரும் நலம்.

எங்களிடம் மன்னிப்புக் கேட்டது நாலு வரி, குருவிக்கு ஒரு பக்கம். எண்ணிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் கோவிந்தசாமி மாமா சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இதையே சொல்லிக்காட்டுகிறார். "நாப்பது பேரு முன்னாடி நம்மள மதிக்கல. இப்பவே இப்படின்னா, பொண்ணு போனப்பறம்? பேசாம நிறுத்திடுங்க." அவர் சொன்னால் என் வீட்டுக்காரர் தலையாட்டுவார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பாதி மனம் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு ஒரே பெண். காய்ச்சல் என்று அவள் படுத்தால் பக்கத்தில் உட்காருவீர்களா, இல்லை ஓணானைப் படம் எடுக்கப் போய்விடுவீர்களா? அது தெரியாமல் பத்திரிகை அடிக்க விடமாட்டேன்.

பந்தலைத் தள்ள முடியாது. இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை. இடத்தைச் சமன் செய்யப் புதன்கிழமை ஜேசிபி வருகிறது. முட்டைக்காக நீங்கள் கவலைப்பட வேண்டாம். எங்கள் கோழி ஒன்று அடையில் இருக்கிறது. நான்கையும் அதற்கு வைத்துவிடுகிறேன். கோழிக்கு எண்ணத் தெரியாது.

கொளஞ்சியம்மாள்


கடலூர்,
21.4.2025

அம்மா,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு எழுதி, விரைவுத் தபாலில் போடுகிறேன். கோழி வேண்டாம். பொரித்தாலும் அந்தக் குஞ்சுக்குக் கோழியின் பேச்சு புரியாது, கோழிக்கு அதன் பேச்சு புரியாது. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். என் சமையல் சுமார். மறதி ஜாஸ்தி. எழிலனின் அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவன் சிப்காட்டுக்கு ஷிப்டு போய்விட்டால் வீட்டில் நானும் தோட்டமும்தான். யாராவது அசைந்தால் போதும் என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கிறுக்கே வந்தது. உங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் உட்காருவேன். வராவிட்டாலும் உட்காருவேன். அவள் வருவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன் அம்மா. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அஞ்சலாட்சி


புவனகிரி,
24.4.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. காலையிலேயே காரியம் நடந்துவிட்டது. விடிந்ததும் போய் இரண்டு முட்டையை எடுத்து முந்தானையில் வைத்தேன். அவ்வளவுதான், இரண்டு குருவியும் என் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்தின. வாசற்படி வரை விடாமல் துரத்தின. கோழிக்கூடையில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். போனில் உங்களோடு நான் போட்ட சண்டை என் காதிலேயே கேட்டது. தட்டுக்காகவா கத்தினேன்? என் பெண்ணை எடுத்துக்கொண்டு போகிறீர்களே என்றுதான் கத்தினேன். வாய்விட்டு அழுதேன். அப்புறம் இரண்டையும் இருந்தபடியே கொண்டுபோய் வைத்துவிட்டு, கொட்டகையில் ஒளிந்து நின்று பார்த்தேன். கால்மணி நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பத்து மணிக்கு ஜேசிபியும் கோவிந்தசாமி மாமாவும் வந்தார்கள். நான் சரளைக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னாம்மா இது? நகரு."

"நகர மாட்டேன் மாமா. பந்தல் இங்க இல்ல."

"அப்ப கல்யாணத்த எங்க வெச்சிக்கப்போற, ஆத்துலயா?"

அவர் எதிரில் நான் இதுவரை வாய் திறந்ததில்லை. நேற்றுத் தானாக வந்தது. "கடலூர்ல. மாப்புள வீட்ல."

என் வீட்டுக்காரர் சுப்பராயலு இந்த முறை தலையாட்டவில்லை. மாமா என்னை முறைத்தார். "சரி. அந்தம்மா அவுங்க தோட்டத்துல பந்தக்கால் நட விடுவாங்களான்னு கேளு. விடலன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. என் கொல்லையை விட்டுக்கொடுக்கச் சொன்னீர்கள், கொடுத்தேன். பெண்வீட்டில்தான் கல்யாணம் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்ததையும் விட்டேன். இனி உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் பதில் வந்த பிறகுதான் பத்திரிகை.

கொளஞ்சி


கடலூர்,
28.4.2025

அன்புள்ள கொளஞ்சியம்மாளுக்கு,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பந்தல் போட்டால் எலுமிச்சை போகும், அதில் பட்டாம்பூச்சிப் புழு ஏழு இருக்கிறது. எருக்கு போகும். செம்பருத்தியில் தேன்சிட்டு தொங்கவிட்டிருக்கும் கூடு போகும். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவளுக்கு நடுவில் வெட்கமாகப் போய்விட்டது. அடுத்தவர் கொல்லை என்றதும் எவ்வளவு சுலபமாகக் கேட்டேன்!

உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்து எழிலனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "ஏம்மா, தலைக்கு மேல மொட்டமாடி இருக்குதே" என்றான். உட்கார்ந்து அழுதேன், பிறகு சிரித்தேன். பெரிய படிப்பெல்லாம் படித்தவன், இதை ஒரு நாள் முன்னால் சொல்லக்கூடாதா?

பந்தக்காலைத் தோட்டத்தில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் என் கையால் நடுகிறேன். பந்தல் மாடியில். சமையல் தெருவில், பக்கத்து வீடுகளில் கேட்டுவிட்டேன். படிதான் குறுகல். கோவிந்தசாமி அண்ணனுக்கு முட்டிவலி என்று வினோதினி சொன்னாள். நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிவிடலாம், ஒரு பக்கம் நானே பிடித்துக்கொள்கிறேன். பத்திரிகை வாசகத்தை உடனே அனுப்புங்கள்.

அன்புடன்,
அஞ்சலாட்சி


புவனகிரி,
14.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலமும் என் பெண்ணின் நலமும் அறிய ஆவல். போன் தடை நீங்கிவிட்டது, இருந்தாலும் எழுதத்தான் பிடிக்கிறது.

கோவிந்தசாமி மாமா ஊரெல்லாம் உங்கள் வீட்டுக் கல்யாணத்தைத்தான் பேசுகிறார். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தேன்சிட்டைப் பார்த்ததில் இரண்டு பந்தியைத் தவறவிட்டதை மட்டும் சொல்வதில்லை.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. காலையில் மூன்று டம்ளர் காபி கலந்துவிட்டேன். நேற்று வினோதினி நாற்பது நிமிஷம் போனில் பேசினாள். முப்பத்தைந்து நிமிஷம் அத்தை அது சொன்னார்கள், அத்தை இதைக் காட்டினார்கள் என்று உங்கள் பேச்சுத்தான். பொறாமையாக இருந்தது அண்ணி. வயிறு நிறைந்தும் இருந்தது. மறுவீட்டுக்கு அவர்கள் வரும்போது நீங்களும் கடையைப் பூட்டிவிட்டு வாருங்கள். நாலு நாள் தங்க வேண்டும், சாக்குப்போக்குச் சொல்லக்கூடாது.

நேற்றுக் காலை நான்கும் பொரித்துவிட்டன! மத்தியானத்துக்குள் கொல்லை முழுக்க ஓட ஆரம்பித்துவிட்டன. தாய் ஒரு குரல் கொடுத்தால் போதும், இருந்த இடத்திலேயே படுத்துக்கொள்கின்றன. இவருடைய போனை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தேன். என் ஆயுசில் நான் எடுத்த முதல் படம். பிரிண்ட் போட்ட ஸ்டுடியோக்காரர், "இன்னாம்மா, வெறும் சரளக்கல்லா இருக்குது" என்றார். வினோதினிக்கு அனுப்பினால் அவளும் அதையே சொல்கிறாள். இவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

படத்தை இதில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு நான்கும் தெரியும்.

அன்புடன்,
கொளஞ்சி