கதவ மூடிக்கோ, வந்துடறேன்

நேற்று நம்ம படத்தை மறுபடியும் தியேட்டரில் போட்டார்கள். அந்த இடம் வந்தது. விண்கலத்தில் இருப்பவர்களைக் காப்பாற்ற ஒருத்தி குட்டிக் கலத்தில் வெளியே கிளம்புகிறாள். திரும்பி வர எரிபொருள் இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கும் தோழியிடம், கடைக்குப் போகிறவள் மாதிரி, "கதவ மூடிக்கோ, வந்துடறேன்" என்கிறாள். டப்பிங்கில் எவன் எழுதினானோ, இத்தனை வருஷம் கழித்தும் மொத்த தியேட்டரும் கை தட்டுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படம் முடிந்து டீக்கடையில் பிள்ளைகள் நாலைந்து பேர் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். "சொன்னா அவ விட்டிருப்பாளா? அதான் சொல்லல. அதுதான்க்கா பாசம்" என்றாள் ஒரு பெண், என்னையும் சேர்த்துக்கொண்டு. அப்படியே உன் பேச்சு. பேக்கிங் செக்‌ஷனில் என் பக்கத்தில் உட்கார்ந்து சோப்புப் பெட்டி மடித்துக்கொண்டே எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! "பாசமா? திமிருடி அது" என்பேன் நான். சூப்பர்வைசர் வந்து அதட்டும்வரை விட மாட்டோம். ராக்கெட் எப்படிப் பறந்தால் நமக்கென்ன? இந்தச் சண்டைக்காகவே அஞ்சு தடவை பார்த்தோம்.

கடைசியில் நீயும் அதையே செய்தாய். வாராவாரம் லீவு போட்டுவிட்டு, "தவளக்குப்பம் போறேன், அக்கா வீட்ல வேல" என்றாய். ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரி பஸ் வருகிற பக்கம் நின்றிருந்தாய். "என்னடி, தவளக்குப்பம் போற கடலூர் பஸ்ஸு எதிர்ப்பக்கம் வரும், தெச மறந்துடுச்சா?" என்று கத்திச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. உன் அக்கா போன் செய்தபோது கடைசியாக உன் முகம் பார்க்கத்தான் நேரம் இருந்தது.

அந்தப் பெண்ணிடம் கத்திவிட்டேன். "சொல்லியிருந்தா என்னா ஆயிருக்கும்? அழுதிருப்பா. அவ்ளோதான? அழுது முடிச்சுட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பா!"

அவள் மிரண்டுபோய், "படந்தானக்கா" என்றாள்.

படந்தான். உனக்கு நோய் தெரிந்ததிலிருந்து நமக்கு நிஜமாகவே மூணு மாசம் இருந்ததுடி. ஆஸ்பத்திரி பெஞ்சில் உன் ஓ.பி. சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். ஊசி போடும்போது கையைப் பிடித்திருப்பேன். அங்கேயும் அந்தப் படத்தை வைத்துச் சண்டை போட்டிருப்போம், நர்ஸ் வந்து அதட்டியிருப்பாள். நான் தாங்க மாட்டேன் என்று நீயாக முடிவு செய்துகொண்டாய். பார், தாங்கிக்கொண்டுதானே இருக்கிறேன். தனியாக.