ரூட்டாக இருந்துகொண்டு அழித்தது

நவம்பர் 6, புதன்
காலையிலிருந்து மழை. மேல் லயத்து வீடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. பதுளையில் நான் வேலை செய்யும் போன் கடைக்கு லீவு சொல்லியாச்சு.

லினக்ஸை மூலநிரலிலிருந்து நானே கட்டும் வேலை, மூன்றாவது வாரம். கட்டுவதற்கென்று தனி யூசர் உண்டு. தேவைப்பட்டால் மட்டும் ரூட்டாக மாறணும், முடிந்ததும் திரும்பிவிடணும். ரூட் என்றால் தோட்டத்துத் துரை மாதிரி, மறுபேச்சே இல்லை. மாறி மாறி பாஸ்வர்ட் அடித்து அலுத்துவிட்டது.

லேப்டாப் ஸ்டெல்லா அக்காவுடையது. பேட்டரி செத்து ஒரு வருஷம், வயரில்தான் உயிர். பாஸ்வர்டைக் கொடுக்கும்போதே சொன்னாள், "ஒடச்சிராதடா." எனக்கா தெரியாது என்ற திமிர்.

பதுளையில் வாங்க: நெத்தலி, அம்மாவுக்குக் கால்வலித் தைலம்.

நவ. 7
எல்லாம் போச்சு.

மதியம். கட்டியது சரிவரவில்லை, அந்த ஃபோல்டரைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமென்று நினைத்தேன். கட்டும் யூசருக்குத் திரும்பவில்லை. ரூட்டாகவே இருந்தேன், சோம்பேறி. ஃபோல்டர் எங்கே இருக்கிறதென்று அந்த யூசருக்குத்தான் சொல்லிவைத்திருந்தேன், ரூட்டுக்குச் சொல்லவில்லை. பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமை. "இந்த ஃபோல்டரில் உள்ளதெல்லாம் அழி" என்பது "எல்லாத்தையும் அழி" என்று ஆகிவிட்டது. அந்த யூசராக இருந்திருந்தால், பெயர் விட்டுப்போயிருந்தாலும், "அனுமதி இல்லை" என்று முகத்திலேயே அடித்திருக்கும். ரூட்டை யார் தடுப்பது? கட்டளையைத் தட்டிவிட்டு டீ ஊற்றப் போனேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா அயன் போட, ட்ரிப் அடித்து வீடே இருட்டு. கரண்ட் வந்தது, லேப்டாப் எழும்பவில்லை. தட்டிய கட்டளையைத் திரும்ப நினைத்துப் பார்த்தபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

அதில் அக்காவின் டிப்ளோமா வேலை. தேயிலைக் கொழுந்தெடுக்கும் பதினொரு பேரிடம் பேசிப் பதிந்த குரல்கள், எட்டு மாத உழைப்பு. போனில் இடமில்லை, லேப்டாப்பில் போட்டுவிட்டு அங்கே அழித்துவிடு என்றவனும் நான்தான்.

அக்கா ஸ்கூலில் படிப்பித்துவிட்டு வந்தாள். "என்னடா ஆச்சு?"
"கரண்ட் போச்சுல்ல. டிஸ்க் அடி வாங்கிருச்சு."
வாயில் தானாக வந்தது. அம்மா பக்கத்தில்தான் நின்றார்கள்.

நவ. 8
தூக்கமில்லை. மழை.
அம்மா விடியவே எழுந்து அக்காவிடம், "நாந்தாம்மா பாவி. ஒன் சாரி காயலன்னு அயன் போட்டேன். மன்னிச்சுக்கம்மா." அக்கா, "விடுங்கம்மா, வேணும்னேவா செஞ்சீங்க" என்றாள். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு இருந்தேன். அம்மா சாப்பிடாமலே, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனார்கள்.

அயன் பெட்டி பேப்பரில் சுற்றி அலுமாரி மேல். அக்காவின் சாரியை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், சுருக்கம் போகுமாம்.
தைலம் வாங்க மறந்தேன்.

நவ. 9
டிஸ்க்கைக் கழற்றி பதுளைக்குக் கொண்டுபோய்க் கடை மெஷினில் மாட்டினேன். நாலு குரல் முழுசாக இருக்கிறது! மீதி ஏழும் இல்லை. என்னென்னவோ செய்து பார்த்தாச்சு.

அப்புறம்தான் உறைத்தது. இந்த நாலு தப்பியது எப்படி? அழித்துக்கொண்டு போகும்போது பாதியில் கரண்ட் போனதால். அம்மா அயன் போடாமல் இருந்திருந்தால் இதுவும் இல்லை. பஸ் முழுக்க இதே நினைப்பு. அசிங்கமாக இருந்தது.

லேப்டாப்பில் வேறு டிஸ்க் போட்டு ரெடிமேட் லினக்ஸ் ஏற்றினேன்.

சாயந்தரம், அம்மா பீலிக்குத் தண்ணி பிடிக்கப் போன நேரம் பார்த்து, அக்காவிடம் எல்லாம் சொன்னேன். தப்பிய நாலு குரலின் பெயர்களைப் பார்த்தாள். பிறகு,
"அந்த ஏழு பேர்ல ராஜாத்தியக்கா போன மாசம் குவைத் போயிட்டாங்க. அவங்கள எங்கடா போய்த் தேடுவேன்?"
அவளே மறுபடி கேட்டாள்,
"அம்மாகிட்ட சொன்னியா?"
"இல்ல."
"நாளைக்கு வரைக்கும்தான். இல்லேன்னா நானே சொல்லிருவேன்."

நவ. 10, ஞாயிறு
வெயில், நாலு நாளுக்குப் பிறகு. அம்மா பூசைக்குக் கிளம்புகிறார்கள். சாரியெல்லாம் சுருக்கம். அவர்களிடம் எப்படிச் சொல்ல ஆரம்பிப்பது என்று தெரியாமல் அயன் பெட்டியை இறக்கி, பேப்பரைப் பிரித்து, பிளக்கில் மாட்டப் போனேன்.

அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வேணாம் தம்பி. மொதல்ல அந்த லேப்டாப்பு வயரக் கழட்டு."