பெற்றோல் பம்ப் செத்த கிழமை

நவம்பர் 18, திங்கள்

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போது, பாலாவிச் சந்தியில் கல்பிட்டி றோட்டுக்குத் திரும்பியதும் கார் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் உப்பளம், மேலே மழை. என் கணவர் நெய்னார் பின் சீட்டில் சுருண்டு படுத்திருந்தார். மெஷினில் இரத்தம் சுத்திகரித்து வரும் நாளில் அவருக்குக் கழுத்தை நிமிர்த்தவும் தெம்பு இருக்காது.

கொஞ்சம் ஆறவிட்டால் பற்றுகிறது, பிறகு மறுபடி நிற்கிறது. எப்படியோ குறிஞ்சிப்பிட்டிக்கு வந்து வீட்டு முற்றத்தில் ஏற்றிவிட்டேன். அதோடு சரி. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சும்மா சுற்றுகிறது, பற்றுவதில்லை.

“சாவியப் போட்டதும் நான் படுக்கிற பின் சீட்டுக்குக் கீழ ம்ம்ம் எண்டு ஒரு சத்தம் வரும். அது வரல்ல. பம்ப் செத்துட்டு,” என்றார். இந்தக் காரில் வாடகைக்கு ஆளேற்றி ஹயர் ஓடியவர். கண் பழுதான பிறகுதான் நான் ஓட்டுகிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

பாலாவியில் கார் திருத்தும் காராஜ் வைத்திருக்கும் ரிஷாத்துக்குப் போன் பண்ணினேன். “மாமி, காராஜுக்குள்ள முழங்கால் தண்ணி. இப்ப வர ஏலா. கொஞ்சம் பொறுங்க.”

நான் பொறுப்பேன். அவருடைய இரத்தம் பொறுக்குமா?

நவம்பர் 21, வியாழன்

இன்று ஆஸ்பத்திரி நாள். முச்சக்கர வண்டியில் ஏற்றினேன். நுரைச்சோலை வருமுன்பே வாந்தி. என் மடியில் சரிந்து, கண் செருகி— மௌத்தாகிவிட்டார் என்றே நினைத்தேன். கண் திறந்ததும் முதல் சொல்: “வண்டியத் திருப்பச் சொல்லு.”

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு சொன்னார், “கார் நிண்டது நல்லதுக்குத்தான் புள்ள. எனக்கும் போதும்.”

போதுமாம். யாருக்குப் போதும்? பிள்ளை குட்டி இல்லாத வீடு. இவரும் போய்விட்டால் நான் யாரோடு கதைப்பது? சுவரோடையா?

நவம்பர் 22, வெள்ளி

கால் இரண்டும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா என்றால், “ஏத்தினா இறங்கிடுவன்” என்கிறார். பக்கத்து வீட்டுப் பரீனா அழுதாள், நான் கத்தினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடைசியில் என் வாயை அடைப்பதற்காகச் சொன்னார், “என்ட கார் ஸ்டார்ட் ஆகட்டும், வாறன்.”

ஆகாது என்று தெரிந்துதானே சொல்கிறார். இருந்தாலும் சொல்லிவிட்டார். அல்லாஹ் சாட்சி.

ரிஷாத்திடம் மன்றாடினேன். கல்பிட்டி பஸ்ஸில் பம்பைக் கொடுத்தனுப்பினான். எதற்குப் பிறகு எதைச் செய்வது என்று போனில் சொன்னான். “பெட்டரியக் கழட்டாம ஒண்டுலயும் கை வைக்காதீங்க மாமி. பக்கத்துல அடுப்பு எரியப்படாது.”

நவம்பர் 23, சனி

பரீனா தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பெட்டரியைக் கழற்றி, பின் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தோம். கீழே இரும்பு மூடி. ஸ்குரூக்கள் துருப்பிடித்துக் கிடந்தன. ஒன்று அசையவே இல்லை. மண்டியிட்டு, இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பி, உள்ளங்கைத் தோல் கிழிந்த பிறகுதான் அது இளகியது.

அதற்குக் கீழேதான் பெற்றோல் டாங்கி. குழாயை இழுத்தபோது பெற்றோல் கண்ணில் தெறித்தது. எரிச்சல் என்றால் அப்படியொரு எரிச்சல். பரீனா தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். யன்னலுக்குள்ளால் அவர் குரல்: “பத்தி எரிஞ்சு சாகப் போறியா மஹ்மூதா? விட்டுட்டு வா!”

விடவில்லை. பழைய பம்பை அதன் சட்டத்தோடு வெளியே எடுத்தேன். அடியில் இருந்த சல்லடை முழுக்கக் கறுப்புச் சேறு. புதியதைப் பொருத்தி, புது இறப்பர் வளையம் போட்டு, எல்லாவற்றையும் பூட்டி, பெட்டரியைக் கொழுவி, பிஸ்மி சொல்லிச் சாவியைப் போட்டேன்.

சத்தம் இல்லை.

திரும்பப் போட்டேன். திரும்பவும். ஒண்டுமில்ல.

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குழறி அழுதுவிட்டேன். ஊருக்கே கேட்டிருக்கும். கேக்கட்டும். யா அல்லாஹ், நான் இன்னும் என்ன செய்யணும்? சொல்லு, என்ன செய்யணும்?

நவம்பர் 24, ஞாயிறு

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடிந்தபோது அவரால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்தேன். மூச்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். இனி ஏசினாலும் அடித்தாலும் ஆம்புலன்ஸ்தான் என்று போனை எடுத்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோல் போன கை. பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி,

“வயர் கொழுவுற பிளக்… பாத்தியா? கறுத்திருக்கா?”

ஓடினேன். மூடியின் மேலே அந்தப் பிளக்கின் ஒரு கால் உருகிக் கருகியிருந்தது. பெட்டரியைக் கழற்றிவிட்டு, கருகினதை வெட்டி, வயரை வயரோடு முறுக்கி டேப் சுற்றினேன். பெட்டரியைத் திரும்பக் கொழுவிச் சாவியைப் போட்டேன்.

ம்ம்ம்.

எஞ்சின் பற்றிய சத்தம் கேட்டதும் பரீனா ‘அல்லாஹு அக்பர்’ என்று கத்தினாள். சீட்டைத் திரும்பப் போட்டு அவரைத் தூக்கப் போனோம். அவர் ஏற்கெனவே கட்டிலில் இருந்து காலைக் கீழே வைத்திருந்தார்.

இங்கே வந்ததும் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்…” என்று டொக்டர் தொடங்கினார். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

மூச்சு இலேசாகிவிட்டது. கஞ்சி கேட்டார்.

நவம்பர் 28, வியாழன்

இரத்தம் சுத்திகரிக்கும் வழமையான நாள். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் காராஜில் நிறுத்தினோம். நான் முறுக்கிய வயரைப் பார்த்து ரிஷாத் தலையில் அடித்துக்கொண்டான். “இதோடயா மாமி ஓடித்திரிஞ்சீங்க?” பழைய பம்ப் இறுகி, கரண்ட்டை அளவுக்கு மேல் இழுத்ததில்தான் பிளக் கருகியதாம். புதுப் பிளக் போட்டுத் தந்தான்.

மெஷினில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்க, நெய்னார் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாலச்சந்திரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “இவதான் பம்ப் மாத்தினவ. கொட்டுற மழைக்குள்ள, தனிய. சாவியப் போட்டா, ஒரே அடியில ஸ்டார்ட்!”

சனிக்கிழமை மழையே இல்லை. பரீனா கூடவே இருந்தாள். ஒரே அடியிலும் ஆகவில்லை. நான் குழறியது அவருக்கும் கேட்டிருக்கும். பிளக் கருகியிருக்கா என்று கேட்டது தான்தான் என்பதையும் அவர் சொல்லவில்லை. பாலச்சந்திரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றையும் திருத்தவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, “திங்கக்கிழம வரக்குள்ள எஞ்சின் ஓயிலும் மாத்தோணும். மறந்திராத,” என்றார்.

ஓம் என்றேன்.