எட்டாம் திகதிப் பக்கம்

8.12.1989, வெள்ளி

அமலோற்பவ மாதா திருநாள். குருநகர்க் கோயிலில் காலைப் பூசைக்கு நானும் அம்மாவும் போனோம். தம்பி கனிசியஸ் வரவில்லை. மாதாவின் திருநாளில் பிறந்த பிள்ளை என்று அவனைக் குருமடத்துக்கு அனுப்ப அம்மா ஒரு காலத்தில் நினைத்திருந்தார். அவன் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு கலியாண வீடுகளில் பைலா பாடப் போனான். இப்போது அதுவும் இல்லை. ஊரடங்கில் யார் பாட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்கள்?

வேலை இல்லாததால் அவன் எழுதுகிற கொப்பி வளர்கிறது. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம், அந்த நாளில் பொப் உலகில் என்ன நடந்தது என்று. வானொலியில் கேட்டது, பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளில் கண்டது எல்லாம் அதற்குள் போகும். பள்ளிக்கூடத்தில் நான் சரித்திரம் படிப்பிக்கிறேன். என் மாணவிகளில் ஒருத்தியாவது இப்படி ஒரு கொப்பி வைத்திருந்தால் எனக்குக் கவலையே இல்லை.

அவனுடைய பிறந்த நாள் பக்கத்தில் மூன்று வரி. 1943, டோர்ஸ் குழுவின் பாடகன் பிறந்தான். 1982, மார்ட்டி றொபின்ஸ் இறந்தார். 1980, ஜோன் லெனன் நியூயோர்க்கில் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார். கடைசி வரியை வெட்டி ஒன்பதாம் பக்கத்துக்கு மாற்றி, மறுபடி எட்டுக்கே கொண்டுவந்திருக்கிறான். அங்கே எட்டாம் திகதி இரவு பதினொரு மணி அடிக்கும்போது இங்கே ஒன்பதாம் திகதி விடிந்து பள்ளிக்கூட மணியும் அடித்துவிட்டதாம்.

“சாகிறவன்ரை நேரந்தான் கணக்கு, அக்கா. கேக்கிறவன்ரை நேரம் இல்லை” என்று தீர்ப்புச் சொன்னான்.

பிறந்த நாளில் சாக்கதை வேண்டாம் என்று அம்மா ஏசினார். கேக் கொஞ்சம் கருகிவிட்டது. அவன் கருகினதையும் தின்றான்.

14.8.1990

தம்பி நேற்று வல்வெட்டித்துறையில் வள்ளம் ஏறிவிட்டான். பதினொரு பேர். கிற்றாரை ஏற்ற ஓட்டி சம்மதிக்கவில்லை, கரையில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனானாம். இராமேஸ்வரத்தில் இறங்கியதும் இங்கே திரும்பி வருகிற யாரிடமாவது கடிதம் கொடுத்துவிடுவான்.

கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நனையக்கூடாது என்று ஷொப்பிங் பையில் சுற்றி. கடலுக்குப் போனது அவன், பை கொப்பிக்கு.

2.10.1990

கடிதம் இல்லை.

8.12.1990

மாதா திருநாள். கேக்குக்குச் சீனி இல்லை. அம்மா றொட்டி சுட்டு மூன்று தட்டுகளில் வைத்தார். மூன்றாவது தட்டு பின்னேரம் வரை மூடியபடி இருந்தது. பிறகு கோழிக்குப் போட்டார்.

17.3.1991, ஞாயிறு

வள்ள ஓட்டியின் தமையன் தம்பிராசா அண்ணை சைக்கிளில் வந்தார். அம்மா கோயிலில். உள்ளே வந்து இருக்கச் சொன்னேன், மாட்டேன் என்று வேலியோடு நின்றே சொன்னார். வள்ளம் அக்கரை சேரவில்லை. இராமேஸ்வரத்தில், மண்டபம் அகதி முகாமில் எல்லாம் ஆள் விட்டு விசாரித்தார்களாம். பதினொரு பேரில் ஒருவரும் இல்லை. தங்கள் வீட்டில் அழுது முடித்துவிட்டார்கள் என்றார்.

எந்த நாள் என்று கேட்டேன். சரித்திர ரீச்சர் அல்லவா, நாள் கேட்டேன்.

“பதின்மூண்டோ பதினாலோ, ஆருக்குப் பிள்ளை தெரியும்” என்றார்.

அப்பாவைக் கடல் கொண்டபோது மூன்றாம் நாள் உடம்பைத் தந்தது. கல்லறை இருக்கிறது, கல்லில் திகதி இருக்கிறது, வருஷப் பூசை இருக்கிறது. அம்மா வந்ததும் சொன்னேன். அவர் முக்காட்டை மடித்து வைத்தார். தம்பிராசாவுக்கு அலுவல் இல்லை என்றார். மண்டபம் அல்லாமல் அங்கே வேறு நூறு முகாம் இருக்காம்.

எனக்கு அழுகை வரவில்லை. விடைத்தாள் நாற்பது திருத்தினேன்.

2.11.1991, சனி

இதை எப்படி எழுத?

இன்று ஆன்மாக்கள் திருநாள். மரித்தவர்களின் பெயர்களை எழுதி உறையில் போட்டுக் கொடுப்போம். பீடத்தின் மேல் ஒரு தட்டில் அந்த உறைகள் இருக்கும். மாதம் முழுக்க பூசையில் எல்லோருக்கும் சேர்த்துச் செபிப்பார்கள். யாரும் பிரிப்பதில்லை. எனக்குத் தெரிந்த நாள் முதல் பிரித்ததில்லை.

அப்பாவின் பெயருக்குக் கீழே தம்பியின் பெயரை எழுதினேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. எங்காவது ஓரிடத்தில் அவனுடைய பெயர் சரியான இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். ஒருவரும் பார்க்காத உறைக்குள் நான் மட்டும் அறிய அவன் செத்தவனாக இருக்கட்டும். உயிரோடு இருக்கிறவனாக அவனை ஒவ்வொரு நாளும் சுமக்க என்னால் முடியவில்லை.

புதிதாக வந்த பங்குச் சுவாமிக்கு வேறு பழக்கம். பிரசங்கத்துக்குப் பதிலாக உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாமா? எப்படி? அப்பாவின் பெயர் வந்தது. அம்மா சிலுவை போட்டார். அடுத்த பெயர் வந்தது.

அம்மா எழும்பி நின்றார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“அவன் சாகேல்லை, சுவாமி. உந்தப் பேரை எடுங்கோ.”

சுவாமி என்ன செய்வார், கடுதாசியைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். என் கையெழுத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. முழந்தாளிட்டிருந்தவர்களை விலத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

3.11.1991

அம்மா என்னோடு கதைக்கவில்லை.

8.12.1992

ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. “சோறு கிடக்கு” என்பார் பானையைப் பார்த்து. “மழை வருது, உடுப்பு எடுக்கிற ஆக்கள் எடுக்கலாம்” என்பார் முற்றத்துக்கு. நானும் சுவருக்கு மறுமொழி சொல்லப் பழகிவிட்டேன். பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா அக்கா முதலில் சமாதானம் பேச வந்தார், பிறகு அவரும் பழகிவிட்டார்.

பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் வானொலி. பின்னேரச் செய்திக்கு அம்மா சுற்றுவார், நான் அலைவரிசை பிடிப்பேன். வள்ளம், அகதி, இராமேஸ்வரம் என்று ஏதாவது வரும் என்று அவர் சுற்றுகிறார். இன்று செய்தி முடிந்து ஒரு ஆங்கிலப் பாட்டு வந்தது. அம்மா நிறுத்தவில்லை. பாட்டு முடியும் வரை சுற்றினார்.

அவனுக்கு இன்று முப்பத்தொன்று. இருந்தால்.

10.12.1994, சனி

சமாதானப் பேச்சாம். கடையில் பற்றரி கண்டேன்.

வானொலியில் சொன்னார்கள், பொசா நோவா இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோன பிரேசில்காரர் நியூயோர்க்கில் இறந்துவிட்டார். எட்டாம் திகதி. நாலு வருஷமாகத் திறக்காத கொப்பியைத் திறந்து, மூன்று வரிகளுக்குக் கீழே நாலாவதாக எழுதினேன். அவனுடைய எழுத்து சாய்ந்தது, என்னுடையது நிமிர்ந்தது. பார்க்க வடிவாக இல்லை.

அம்மா வாசலில் நின்று பார்த்திருக்கிறார். “கொப்பிக்காரன் வந்து எழுதுவான். மற்ற ஆக்கள் தொடத் தேவையில்லை” என்றார் கதவு நிலைக்கு.

அந்நேரம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. கொப்பியை மூடிவிட்டேன்.

31.10.1995

இராணுவம் கிட்ட வருகிறது, யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறும்படி நேற்று இயக்கம் அறிவித்தது. மழை. நாவற்குழிப் பாலம் தாண்டப் பதினொரு மணித்தியாலம். ஒரு அடி வைத்தால் ஐந்து நிமிஷம் நிற்கவேண்டும். அம்மாவை சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினேன். முன்னால் போன சனத்தின் முதுகுகளைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

என் சான்றிதழ்கள், இந்த நாட்குறிப்பு, ஒரு பானை, நாலு சேலை. தம்பியின் கொப்பியை எடுக்கவில்லை. மறக்கவில்லை. எடுக்கவில்லை.

2.11.1995

ஆன்மாக்கள் திருநாள். பூசை இல்லை. யாருடைய பெயரையும் யாரும் வாசிக்கவில்லை.

21.11.1995

கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பம். கரும்பலகையில் யாரோ கேட்ட கணக்கு அழிபடாமல் இருக்கிறது. விடை தெரியும், எழும்பிப் போய் எழுதத் தோன்றவில்லை.

8.12.1995, வெள்ளி

மாமரத்துக்குக் கீழே படங்கு கட்டி மாதா திருநாள் பூசை நடந்தது. பாட்டுக்கு ஓர்கன் இல்லை.

பூசை முடிய அடைக்கலநாதன் அண்ணை என்னைக் கூப்பிட்டார். குருநகரில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். அவருடைய சின்ன வானொலியில் ஆங்கிலச் செய்தி பிடித்திருந்தது, யாழ்ப்பாணத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். இரண்டு வசனம் சொன்னார்கள். இராணுவம் நகரத்தைப் பிடித்துவிட்டது, கொடி ஏற்றியாயிற்று. அது எங்களுக்குத் தெரியும்.

கடைசியில் பாட்டுச் செய்தி. ஜோன் லெனன் இறந்து இன்றோடு பதினைந்து வருஷம். அவர் வீட்டில் தனியே இருந்து பாடிப் பதிந்த ஒரு கசெற்றை மனைவி அவருடைய குழுவில் இருந்த மற்ற மூவரிடமும் கொடுத்திருக்கிறார். அவர்கள் அந்தக் குரலோடு சேர்ந்து வாசித்து, போன திங்கட்கிழமை புதுப் பாட்டாக வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு துண்டு போட்டார்கள். தூரத்து அறையில் இருந்து வருகிற மாதிரி மெல்லிய குரல்.

வகுப்பறையில் அம்மா பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக் கேட்டதை எல்லாம் சொன்னேன்.

“அந்தப் பெடியன்ரை தாய் உயிரோடை இருக்கிறாவாமோ?” அம்மாவும் சுவரைத்தான் கேட்டார்.

“இல்லை. அவனுக்குப் பதினேழு வயதிலையே தாய் கார் மோதிச் செத்துப்போனா.”

“தாய் இருந்திருந்தா உந்தக் கசெற்றைக் குடுத்திருக்க மாட்டா” என்றார் அம்மா.

மனிசி விட்டுவிட்டாள், தாயால் முடியாது என்று சொல்கிறாரா? நான் செய்ததைச் சொல்கிறாரா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு கையாலும் பாயின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் போல விதானையார் நிவாரண அட்டைக்குப் பதிய வந்தார். வாசலில் இருந்து ஒவ்வொரு குடும்பமாக எழுதிக்கொண்டு எங்களிடம் வந்தார். எத்தனை பேர் என்று கேட்டார். இத்தனை வருஷமும் எந்தப் பதிவு இடாப்புக்கும் மூன்று பேர் என்றுதான் கொடுத்திருக்கிறோம். ஒருவர் இந்தியாவில் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்லுவார். நான் மூன்று என்று வாய் திறந்தேன்.

“ரண்டு பேர்” என்றார் அம்மா. “மகன் செத்துப்போனான்.”

எப்போது என்று விதானையார் கேட்டார். அவருடைய படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

“தொண்ணூறு ஆவணி. நாள் தெரியாது.”

அவர் எழுதினார். இடாப்பைத் திருப்பி அம்மாவிடம் நீட்டினார். அம்மா பேனையை வாங்கினார், பிடித்துப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து என்னிடம் நீட்டினார்.

“நீ வை, பிள்ளை.”

நான் கையெழுத்து வைத்தேன். விதானையார் அடுத்த குடும்பத்துக்குப் போனார்.